குருவம்மா பேசாத பத்தொம்பது நாளு

உக்காருங்க தம்பி. அந்தப் பலகையில வேணாம், அது ஈரம். இந்த முக்காலிய இழுத்துக் கணப்புக்கிட்டப் போட்டுக்கங்க. மெக்கானிக் டவுன்லருந்து பேட்டரியத் தூக்கிட்டு மலை ஏறி வரணும். ரெண்டு மணிக்கு வர்றேன்னு சொன்னான்னா நாலு மணிக்கு வருவான். அதுக்குள்ள நீங்க பத்துத் தடவ அந்தக் காருகிட்டப் போய்ச் சாவியத் திருகிப் பாத்தாலும் அது முனகத்தான் செய்யும்.

பனி பாக்க வந்தீங்க. பனி உங்க காரப் பாத்துருச்சு.

கோவிச்சுக்காதீங்க. உங்களச் சொல்லல, பொதுவாச் சொல்றேன். மார்கழி பொறந்துட்டாப் போதும், கீழருந்து கும்பல் கும்பலா வந்து எறங்குறாங்க. தலையில கொரங்குக் குல்லா, கையில உறை, கால்ல மட்டும் ரப்பர் செருப்பு. புல்லு மேல வெள்ளையாக் கெடக்குறத அள்ளி ஒருத்தன் மேல ஒருத்தன் எறியுறான். போன் எடுத்துப் பிடிச்சுக்கிட்டு, "வாவ் வாவ்"ங்குறான். அந்தப் புல்லுக்கு அந்தாண்டதான் நான் கெழங்கு போட்டுருக்கேன். அதையும் மிதிச்சுட்டு, "அண்ணே, இதெல்லாம் என்ன செடி"ன்னு கேக்குறான். தட்டுல வச்சா மட்டும் தெரியும் அவனுக்கு.

காப்பியக் குடிங்க, ஆறிரும். இங்க அம்புட்டும் ஆறிரும். கருப்பட்டிக் காப்பி, பால் கெடையாது. குளுருக்கு மாடு பாதிப்பால் கூடக் கறக்க மாட்டேங்குது.

அந்தக் காப்பி எப்பிடி வந்துச்சுன்னு கவனிச்சீங்களா? உங்களுக்குக் கையில குடுத்தா. "குடிங்க தம்பி"ன்னு வாய் நெறையாச் சொன்னா. இன்னொரு டம்ளர அந்தச் சன்னல் கட்டையில டொக்குன்னு வச்சுட்டு உள்ள போயிட்டா. அது யாருக்கு? எனக்கு. எனக்குன்னு சொல்ல மாட்டா. சன்னலுக்கு வச்ச மாதிரி வச்சுட்டுப் போவா. நானே எந்திரிச்சுப் போயி எடுத்துக்கிறணும். இன்னையோட பத்தொம்பது நாளு.

எம் பொண்டாட்டிதான். குருவம்மா. இந்தத் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்படியில உக்காந்து பூண்டு உரிக்கிறா. நாம பேசுறது அம்புட்டும் அவளுக்குக் கேக்கும். கேக்கட்டும். நான் என்ன ரகசியமா பேசுறேன்?

பொம்பள பேசலன்னா நிம்மதின்னு சடையாண்டி சொல்றான், மேல வீட்டுக்காரன். அவனுக்கென்ன தெரியும், அவன் பொண்டாட்டி பேசிக்கிட்டே இருக்கா. பேசாத வீட்டுல ஒரு மாசம் குளுருல கெடந்து பாக்கச் சொல்லுங்க. வெளிய போக முடியாது, அஞ்சு மணிக்கே கதவச் சாத்தணும், இருக்குறது இந்த ஒத்தக் கணப்பு. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா உக்காந்துக்கிட்டு நெருப்பப் பாத்துக்கிட்டு இருக்கணும். "கண்ணுக்குட்டிக்குச் சாக்கு போத்தணும்"னு அவ நெருப்பப் பாத்துச் சொல்லுவா. நெருப்பா போயி போத்தும்? நான்தான் எந்திரிச்சுப் போறேன்.

மொதல்ல எங்க மக சுகன்யா நடுவுல இருந்தா. பன்னெண்டாவது படிக்கிறா. "அப்பாகிட்ட உப்பு வாங்கணும்னு சொல்லு", "அம்மாகிட்ட உப்பு வாங்கியாச்சுன்னு சொல்லு". ஒரு வாரம் சொன்னா. எட்டாம் நாளு, "எனக்குப் பரீட்ச இருக்கு, நீங்களே பேசிக்கங்க"ன்னு காதப் பொத்திக்கிட்டுப் புத்தகத்தத் தூக்கிட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவங்கவங்க காரியந்தான் முக்கியம்.

என்ன நடந்துச்சுன்னுதான கேக்குறீங்க? சொல்றேன். நீங்களே நாயம் சொல்லுங்க. படிச்சவரு.

எனக்கு ரெண்டு காடு. ஒண்ணு வீட்டுக்குப் பின்னால மேட்டுல, கேரட். இன்னொண்ணு கீழ ஓடைக்கரையில, பள்ளத்துல. அதுல உருளக்கெழங்கு, நாப்பது வரிச. பள்ளக்காடு பூராம் அவ கையால வச்சது. வெதக்கெழங்கு பொறுக்குனது, நட்டது, மண்ணு அணைச்சது எல்லாம் அவதான். நான் மேற்பார்வ. மேற்பார்வன்னா லேசுன்னு நெனைக்காதீங்க. நின்னுக்கிட்டே இருக்கணும்.

கெழங்குச் செடிக்குப் பனி விழுந்தா மட்டும் ஒண்ணும் ஆகாது தம்பி. அந்தப் பனி மேல வெயில் பட்டுச்சுன்னாத்தான் போச்சு, வெந்நி ஊத்துன மாதிரி இலை கருகிரும். அதனால வெயில் ஏறுறதுக்குள்ள தண்ணிய அடிச்சுப் பனியக் கழுவிவிட்டுறணும். மோட்டாரு இருக்கு, தண்ணி தெளிக்கிற குழாயும் இருக்கு. ஆனா தொட்டியில தண்ணி கொஞ்சம். தெனமும் அடிச்சா ஒரு வாரந்தான் வரும். அப்ப என்ன செய்யணும்? இன்னைக்குப் பனி விழுகுமா விழுகாதான்னு மொதல்லயே தெரியணும்.

அதுக்குத்தான் இந்த ஊருல ஆளு இருக்கு. நான் இருக்கேன். இருவது வருசமாச் சாயங்காலமானா அத்தன பேரும் நம்ம வாசல்ல வந்து நிப்பான். "காளையண்ணே, இன்னைக்கு எப்பிடி?" நான் வானத்தப் பாப்பேன், காத்தப் பாப்பேன். ராத்திரி ஒரு துண்ட நனைச்சு வாசக் கொடியில போட்டுருவேன். விடிகாலையில தொட்டுப் பாத்தா வெறச்சு அப்பளமா நின்னா பனி. தொங்குச்சுன்னா பனி இல்ல, போத்திக்கிட்டுத் தூங்கலாம். பொன்னுக்காளை சொன்னா மாறாதுன்னு ஊருல பேரு.

இவ என்ன செய்யுறா? பள்ளத்துல ஒரு எவர்சில்வர் மூடியில தண்ணி ஊத்தி வைக்கிறா. அதுல ஐஸா ஏடு கட்டுனா பனியாம். நான் அத மேட்டுல வைன்னு சொன்னேன். பனி எங்கருந்து விழுகுது? மேலருந்து. அப்ப மேட்டுல மொதல்ல விழுகுமா, பள்ளத்துல மொதல்ல விழுகுமா? சின்னப் பிள்ளையும் சொல்லும்.

என்னது? குளுந்த காத்து கனமா? அது சரிஞ்சு பள்ளத்துலதான் போயித் தங்குமா?

காத்துக்கு என்ன தம்பி கனம்? கையில எடுத்துத் தூக்கிப் பாத்தீங்களா? இப்பிடித்தான் படிச்சவங்க பேசிப் பேசிப் பொம்பளைகளக் கெடுத்து வச்சிருக்கீங்க.

சரி, கேளுங்க. பொங்கலுக்கு முந்துன வாரம் நாலு நாளு வரிசையா, "இன்னைக்குப் பள்ளத்துல விழும்"னா. மோட்டாரப் போட்டுத் தண்ணி அடிச்சா. மூணு நாளு ஒண்ணும் விழுகல. நாலாம் நாளு என்னமோ லேசா விழுந்துச்சுன்னா. நான் பாக்கல. பாக்காதத எப்பிடி நம்புறது? தொட்டித் தண்ணி பாதி போச்சு. அதுக்கப்புறம் மோட்டார் ரூம்புச் சாவிய அரணாக்கயித்துல முடிஞ்சு வச்சுக்கிட்டேன். ஆம்பள பொறுப்பா நடந்துக்கிட்டா அதுக்குப் பேரு பிடிவாதம்.

பொங்கல் கழிஞ்சு மூணாம் நாளு. சாயங்காலம் வாசல்ல சடையாண்டி, இன்னும் நாலஞ்சு பேரு, எல்லாம் நிக்கிறாங்க. நான் பாத்துட்டு, "இன்னைக்கு ஒண்ணும் இல்ல, போயித் தூங்குங்கடா"ன்னு சொல்றேன். இவ உள்ளருந்து ஈரக்கையோட வெளிய வந்து, "பள்ளத்துக்கு இன்னைக்கு விழும், சாவியக் குடுங்க"ங்குறா. அத்தன பேருக்கு முன்னால. எனக்கு எப்பிடி இருக்கும்? "ஏன், உன் சட்டிமூடி வந்து காதுல சொல்லுச்சா"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு தமாசுக்குத்தான் சொன்னேன். அவளும் சிரிச்சிருக்கலாம். சிரிக்கல. உள்ள போயிட்டா. இவளுக்கு எப்பவுமே தமாசு பிடிபடாது.

அன்னைக்கு ராத்திரி இருந்த குளுரு உங்களுக்குச் சொன்னாப் புரியாது. தேங்காண்ணெய் பாட்டிலுக்குள்ள கல்லாயிருச்சு. தோச மாவு பொங்க மாட்டேங்குதுன்னு என் ஸ்வெட்டரக் கழட்டி மாவுச்சட்டிக்குப் போட்டு விட்டா. மாவுக்கு ஸ்வெட்டர், மனுசனுக்கு இல்ல. நான் ரெண்டு கம்பளிய இழுத்துப் போத்திப் படுத்தேன்.

காலையில எந்திரிச்சு வந்தா வெயில் அந்தக் கரட்டு மேல வந்துருச்சு. காப்பிய நானே போட்டு எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னு கீழ பாக்குறேன். துண்டு தொங்குது, நல்லாத் தொங்குது. ஆனா பள்ளம் பூராம் வெள்ள வெளேர்னு கெடக்கு. துண்டு பொய் சொல்லாது தம்பி. ஆனா அது பழைய துண்டு இல்ல. ஒரு கல்யாணத்துல குடுத்த துண்டு, பாதி நைலான். நைலான் வெறைக்காது. இது எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சது. யாரு தப்பு? கல்யாணத்துல நைலான் துண்டு குடுத்தவன் தப்பு.

அந்த வெள்ளைக்கு நடுவுல இவ நிக்கிறா. கையில குடம், இடுப்புல ஒரு குடம். ஓடையில மோந்து மோந்து வரிச வரிசையா ஊத்திக்கிட்டு வர்றா. எப்ப போனாளோ. சேல முழங்கால் வரைக்கும் நனைஞ்சு, நனைஞ்ச எடம் வெறச்சு நிக்கிது. பதினோரு வரிச ஊத்திட்டா. இருபத்தொம்பது வரிச பாக்கி.

நான் சும்மா நின்னேன்னு நெனைச்சுறாதீங்க. மேல நின்னுக்கிட்டு, "கெழக்கோர வரிசைக்கு ஊத்து, அங்கதான் வெயில் மொதல்ல வரும்"னு சத்தம் போட்டுச் சொன்னேன். நான் நின்ன எடத்துலருந்து நல்லாத் தெரிஞ்சது. அவளுக்குத் தெரியாதுல்ல, பள்ளத்துக்குள்ள நிக்கிறவளுக்கு. நல்லதுக்குத்தான் சொன்னேன்.

ஒரு தடவ நிமிந்து பாத்தா. அவ்வளவுதான். வையல. வஞ்சிருந்தாக் கூடப் பரவால்ல. வெயில் வந்து எறங்குச்சு. குடத்தக் கவுத்து வச்சுட்டு வரப்புல உக்காந்துட்டா. மத்தியானத்துக்குள்ள இருபத்தொம்பது வரிசையும் கருப்பாயிருச்சு.

அன்னைலருந்து என்கூடப் பேச்சு இல்ல. பேச்சு இல்லையே தவிர ஒரு கொறையும் வைக்க மாட்டா. வெந்நி வச்சிருப்பா. என் வேட்டிய அடுப்புக்கு மேல கயித்துல போட்டுக் காய வச்சிருப்பா. சோறு சூடா இருக்கும். கால் வெடிப்புக்கு மெழுகு காச்சி வச்சிருப்பா. எல்லாம் சன்னல் கட்டையில வந்துரும். இதுக்குப் பேரு என்ன தம்பி? திமிருதான?

இப்ப இன்னொரு கூத்தக் கேளுங்க. சடையாண்டி சாயங்காலம் வாசல்ல வந்து நிக்கிறான். நான் இங்க உக்காந்திருக்கேன். என்னையத் தாண்டித் தலைய நீட்டி, "மதினி, இன்னைக்கு எப்பிடி"ங்குறான். அவ உள்ளருந்து, "விழும்", "விழுகாது"ங்குறா. ஒத்த வார்த்த. அதக் கேட்டுட்டு ஊரே போகுது. எனக்கொண்ணும் வருத்தமில்ல. இருவது வருசம் ஒருத்தன் சொமந்தாச்சு, வேற ஆளு சொமக்கட்டும். ஆனா சடையாண்டிக்கு ஒரு வார்த்த கெடைக்குது பாருங்க. நேத்து கோழிக்குக் கூட, "போ அங்கிட்டு"ன்னு சொன்னா. ரெண்டு வார்த்த.

சண்ட போட்டா நாலு வார்த்த வரும்னு நானும் பாத்துட்டேன் தம்பி. கொழம்புல உப்பில்லன்னு வேணும்னே சொன்னேன், உப்பு இருந்துச்சு. உப்புச் சாடி சன்னலுக்கு வந்துச்சு.

ராத்திரியில எனக்குத்தான் தூக்கம் வரல. முப்பத்தோரு வருசம் ஒரு கொரலக் கேட்டுக்கிட்டே தூங்கிப் பழகிட்டு, திடீர்னு இல்லன்னா வீடு குளுருது. வெளியில இருக்குற குளுரவிட உள்ள குளுருது. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொல்றேன், நீங்க எறங்கிப் போயிருவீங்க.

என்ன? அவ குடத்தத் தூக்கிட்டுப் போனப்ப நான் எங்க இருந்தேனா?

தூங்கிட்டு இருந்தேன். அதத்தான சொன்னேன். அசந்து தூங்கிட்டேன். ஊருல எல்லாருக்கும் தெரியும். மனுசன் தூங்குறது ஒரு குத்தமா? எழுப்பியிருந்தா எந்திரிச்சிருக்கப் போறேன். எழுப்பலையே அவ.

இருங்க. வளைவுல வண்டிச் சத்தம் கேக்குதுல்ல? மெக்கானிக்தான். இந்தத் தடவ நேரத்துக்கு வந்துட்டான் பாருங்க, வேணாம்னு நெனைக்கிறப்ப. பேட்டரி மாட்ட அஞ்சு நிமிசம் ஆகும். அப்புறம் நீங்க கெளம்பிருவீங்க. இந்த வீட்டுல மறுபடியும் பேசுறதுக்கு நான் ஒருத்தன்தான்.

உக்காருங்க தம்பி. அஞ்சு நிமிசம். அவன் மாட்டட்டும், நீங்க போயி என்ன செய்யப் போறீங்க?

எழுப்புனா.

எழுப்பலன்னு சொன்னேன்ல, அது பொய். எழுப்புனா. நாலு மணி இருக்கும். பள்ளத்துக்குப் போயிப் பாத்துட்டு வந்திருக்கா போல, விரலெல்லாம் ஐஸு. தோள்ல கைய வச்சு, "சாவி"ன்னா. ஒரு வார்த்ததான். அதுதான் அவ என்கிட்டக் கடைசியாப் பேசுனது. நான் முழிச்சுக்கிட்டேன். முழிச்சுக்கிட்டேன் தம்பி. சாவி என் இடுப்புலதான் கெடக்கு. கண்ணத் தொறக்கல. தொறந்தா எந்திரிக்கணும். எந்திரிச்சாப் பள்ளத்துக்குப் போகணும். போனாப் பனியப் பாக்கணும். பாத்துட்டா, சாயங்காலம் நாலு பேரு முன்னால நான் சொன்னது பொய்யாயிரும், அவ சொன்னது நெசமாயிரும். அதனால மூச்ச இழுத்து இழுத்து விட்டு, தூங்குற மாதிரியே கெடந்தேன். ரெண்டாவது தடவ கேப்பான்னு நெனச்சேன். கேட்டா எந்திரிச்சிருப்பேன். கேக்கல. குடம் எடுக்குற சத்தம் கேட்டுச்சு. கதவு தொறக்குற சத்தம் கேட்டுச்சு. அப்பவும் கெடந்தேன். வெயில் வர்ற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டுத்தான் கெடந்தேன்.

இருபத்தொம்பது வரிசையக் கருக்குனது பனி இல்ல, துண்டும் இல்ல. நான்தான்.

சத்தமாத்தான் சொல்றேன். உங்களுக்குக் காது நல்லாத்தான் இருக்கு, தெரியும்.

பூண்டு உரிக்கிற சத்தம் நின்னுருச்சு.

கேட்டுச்சா தம்பி? என்ன சொன்னா? "தெரியும்"ங்குறா.

"தெரியும்னு சொல்லுங்க தம்பி. இமை ஆடிக்கிட்டு இருந்துச்சு. வெளக்கப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் குடத்த எடுத்தேன்." இதயும் உங்ககிட்டத்தான் சொல்றா.

தெரிஞ்சா இருந்திருக்கா. நான் அசந்து தூங்கிட்டேன்னு டீக்கடையில சொன்னேன், சடையாண்டிகிட்டச் சொன்னேன், மகளுகிட்டச் சொன்னேன். எழுப்பாம விட்டுட்டான்னு அவ மேலயே பழியப் போட்டேன். அம்புட்டும் அவ காதுக்கு வந்திருக்கும். ஒருத்தருகிட்டயும் மறுத்துச் சொல்லல. சொல்லியிருந்தா நான் இந்த ஊருல தலைகாட்ட முடியாது. வாய மூடிக்கிட்டு என் வேட்டிய அடுப்புக்கு மேல காய வச்சிருக்கா. நானும் அதத் திமிருன்னு உங்ககிட்டச் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அந்தப் பதினோரு வரிச இன்னும் நிக்கிது கீழ. பூ எடுத்துருச்சு. வானத்தப் பாருங்க, ஒரு பொட்டு மேகம் இல்ல, காத்தும் இல்ல. இன்னைக்கு விழும்னு எனக்கே தெரியுது.

தம்பி, நீங்க ஒண்ணு கேக்குறீங்களா அவகிட்ட? இல்ல, வேணாம். இருங்க.

குருவம்மா. நாளைக்கு எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?

"நாலு மணிக்கு. நான் எழுப்ப மாட்டேன்."

நீங்க என்ன தம்பி சரிங்கம்மான்னு தலைய ஆட்டுறீங்க? உங்க காரு ரெடியாயிருச்சு, கெளம்புங்க. இது உங்ககிட்டச் சொன்னதில்ல.